கைப்பிடி மிளகு

வாசலூர்பட்டிக்கு மேலே, மலைச்சரிவில், பாப்பாயி வீட்டு முன்கூடத்தில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். சுவரோரக் கயிற்றுக் கட்டிலில் நீமா, கட்டுப் போட்ட வலது காலை மரவள்ளி மூட்டையின் மேல் நீட்டி வைத்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில், தரையில், பாப்பாயியின் மகள் சுமித்ரா. வாசற்படியில் பாதி உடம்பு வெயிலிலும் பாதி நிழலிலுமாக பாப்பாயியின் கணவர் ராசு. கதவுக்கு நேராக, முறத்தில் மிளகைப் புடைத்துக்கொண்டு பாப்பாயி. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் பூபதி.

பூபதி நோட்டைத் திறந்து, 24-3-2003, திங்கள், காலை பத்தேகால் என்று எழுதினார். அதன் கீழே ஐந்து பேரையும் அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தோடு குறித்துக்கொண்டார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் அவர். யார் முன்னிலையில் எழுதினோம் என்பதைக் குறிக்காமல் எந்தக் கடிதத்தையும் தொடங்கமாட்டார். காளப்பநாயக்கன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்த படிப்பும், அகராதி ஒன்றும், இருபது வருசப் பழக்கமும் துணையாக, தமிழிலும் இங்கிலீஷிலும் ஊருக்கே மனு எழுதுகிறவர். பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு என்று அவர் கைப்பட்ட எதுவும் காரியம் ஆகாமல் திரும்பியதில்லை.

முதன்முதலாகத் திரும்பியது நீமாவுக்காக எழுதியதுதான்.

நீமா தான்சானியா நாட்டுப் பெண். மலைக்குக் கீழே, சமவெளியில் ஒரு விவசாயக் கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிறாள். மலை மிளகைப் பற்றி எழுத வேண்டும் என்று போன வருசக் கடைசியில் வந்து பாப்பாயி வீட்டில் தங்கினாள். தை மாதம், மிளகுப் பறிப்பின் முதல் நாள், கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, காய்க்கொத்தை அளந்து பார்க்கும்போது ஏணி வழுக்கிவிட்டது. கால் எலும்பு இரண்டாக முறிந்தது. ராசுவும் மூன்று பேரும் கட்டிலோடு தூக்கிப் போய் ரோட்டில் வேன் பிடித்து, சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு ஆபரேஷன் ஆயிற்று. இன்னொன்று வைகாசியில் செய்தால்தான் கால் நேராகும் என்றார் டாக்டர். கல்லூரி விடுதியில் மூன்றாவது மாடி அறை. யார் பார்ப்பார்கள் என்று பாப்பாயியே மறுபடி மலைக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

வெளிநாட்டு மாணவர்கள் கல்லூரியில் சேரும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பது விதி. நீமாவும் எடுத்திருந்தாள். விபத்து நடந்த இடத்துக்காரர்கள் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்று மும்பையிலிருந்த காப்பீட்டுக் கம்பெனி கேட்டது. பூபதி எழுதினார். முன்பின் தெரியாத கம்பெனிக்காரன், விளையாட்டுப் போக்கில் விழுந்த பெண் என்று நினைத்துவிடக் கூடாதே என்று நற்சான்றிதழ்போல நாலு வரி கூடுதலாகவும் எழுதினார். ‘இப்பெண் எங்கள் ஆட்களோடு ஆளாகக் காட்டில் நின்றாள். மிளகு பறித்தவர்களுக்குக் கொடுத்த அளவே இவளுக்கும் கொடுத்தோம். யாதொரு வேறுபாடும் காட்டவில்லை.’

அந்த நாலு வரிதான் வினையாகிவிட்டது. படிக்க வந்தவருக்குத்தான் காப்பீடு, கூலிக்கு வேலை செய்தவருக்கு இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. நகல் ஒன்று கல்லூரிக்கும் போயிற்று. படிக்க வந்த வெளிநாட்டுப் பெண் கூலி வேலை பார்த்தாள் என்றால் இடம் ரத்து. இந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொள்ளாவிட்டால், கோணல் காலோடும் பாதி எழுதிய படிப்போடும் நீமா ஊருக்குப் போக வேண்டியதுதான்.

“ஊருக்கெல்லாம் எழுதிக் குமிச்ச கை, எம் புள்ளைக்கு மட்டும் கால வாரி உட்டுருச்சு” என்றாள் பாப்பாயி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

“நல்லதுதான். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்றாப்பல சொல்லி வெச்சிருக்கற. கல்யாணமா பேசுனாங்க உங்கிட்ட?”

சுமித்ரா சிரிப்பை முழங்காலில் மறைத்துக்கொண்டாள். பூபதி சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இரவெல்லாம் யோசித்து வீட்டிலேயே இங்கிலீஷில் எழுதி வந்திருந்தார். தமிழில் சொன்னார். ‘நீமாவுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. முன் கடிதத்தில் அப்படி எழுதியது கைத்தவறு.’ கீழே பாப்பாயியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இங்க போடுங்கக்கா. முடிஞ்சுது.”

முறம் நின்றது.

“எதுவும் குடுக்கலையா?”

“எழுத்துல மட்டும்தானுங்கக்கா.”

“எங் காட்டுக்குள்ள காலு வெச்சவள வெறுங்கையோட அனுப்புனேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? இந்த மலையில எவளாச்சும் அப்படி ஒரு காயிதத்துல கையெழுத்துப் போடுவாளா?”

“மும்பைல இருக்கறவன் படிக்கப்போறான். நம்மூர்க்காரனா படிக்கறான்?” என்றார் ராசு வாசலிலிருந்து.

“ஏனுங்க, மும்பைக்காரன் படிச்சா எனக்கு மானம் இல்லீங்களா?”

நீமா இரண்டு கையையும் ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று மாதத் தமிழ், ஒவ்வொரு சொல்லாக வந்தது. “அம்மா. போடுங்க. எனக்குத் தெரியும், நீங்க குடுத்தீங்க. அது போதும்.”

பாப்பாயி அவளைப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். வாங்கியவள் தாளின் மேல் பேனாவை வைத்தபடியே இருந்தாள். எழுதவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த பூபதிக்கு, கைத்தவறு என்று தான் எழுதிய சொல் உறுத்தியது. கை எங்கே தவறிற்று? இந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் தவறு. தாளை மெதுவாக இழுத்துக்கொண்டார். “இருங்கக்கா. மொதல்ல இருந்து வரலாம். அன்னிக்கு நீமாவுக்கு எவ்வளவு குடுத்தீங்க?”

“ஒரு கைப்பிடி. மொத நாள் பறிப்புல வேற என்ன குடுப்பாங்க?”

“பறிச்ச ஆளுங்களுக்கு?”

“அவங்களுக்கும் அதே ஒரு கைப்பிடி. கூலி தனி. சனிக்கிழமை கிலோவுக்கு இவ்வளவுன்னு சங்கத்து நோட்டுல நீதானே எழுதற? நீமா பேர எழுதுனியா?”

எழுதவில்லை. அந்த நோட்டு முழுக்கப் பூபதியின் கையெழுத்துதான். அதில் நீமா என்ற பேர் எங்கேயும் கிடையாது. அவர் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டார்.

“சரி. பறிக்காத ஆளு யாருக்காச்சும் குடுத்தீங்களா?”

“அது என்ன கேள்வி? காட்டுக்குள்ள வந்தவங்க எல்லாத்துக்கும்தான். எங்க மாமியா காலத்துல இருந்து அப்படித்தான்.”

“யாரார் வந்தாங்க? ஒருத்தர் விடாம சொல்லுங்க.”

பாப்பாயி விரலை மடக்கினாள். “கண்டக்டரு அருணாசலம். வண்டி ரேடியேட்டருக்குத் தண்ணி கேட்டு வந்தாரு. ஒரு கைப்பிடி. ராமாயி கொழந்த.”

“ராமாயிக்கா, கொழந்தைக்கா?”

“ராமாயி பறிச்சா, அவளுக்கு வேற. இடுப்புல இருந்த கொழந்தைக்கு ஒண்ணு. அதுக்கு ஆறு மாசம். அப்புறம் அந்த ராசப்பன்.”

“அவன் சண்டைக்கு வந்தவனாச்சே!” என்றார் ராசு. “ஆட்டப் புடிச்சுக் கட்டிப்போட்டோம்னு அருவாளோட வந்து நின்னான்.”

“வந்தானில்ல? காலு வெச்சானில்ல? திட்டிக்கிட்டேதான் வாங்கிட்டுப் போனான். அப்புறம் பள்ளிக்கூடத்து வாத்தியாரு, பசங்கள ஏன் அனுப்பலைன்னு கேக்க வந்தாரு.”

பூபதி எழுதிக்கொண்டே வந்தார். “நாலு. இன்னும் யாரு?”

“அஞ்சாவது ஆளு, ஏதோ கையெழுத்து வேணும்னு நோட்டத் தூக்கிட்டு வந்தாரு. கைப்பிடி மிளக வாங்கி சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. ஊட்டுக்காரி மறுநா ரசம் வெச்சுப் போட்டாளாம். நல்லா தின்னுபோட்டு, இன்னிக்கு வந்து எதுவும் குடுக்கலைன்னு எழுதச் சொல்றாரு.”

சுமித்ராவுக்கு இந்தத் தடவை சிரிப்பை மறைக்க முடியவில்லை. நீமாவும் சிரித்தாள். சிரிக்கும்போது கால் அசைந்து வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். பூபதி ஐந்தாவது பேராகத் தன் பேரை எழுதினார். காது சூடாகிவிட்டது.

பழைய தாளை நான்காகக் கிழித்துச் சுமித்ராவிடம் கொடுத்தார். புதுத் தாளை நோட்டின் மேல் வைத்தார். முதல் பத்தி எழுதத்தான் அரை மணி ஆயிற்று. தான் எழுதியதைத் தானே குறை சொல்லி அவர் இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. முடித்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

‘சென்ற மாதம் இதே கையால் எழுதிய கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, அதை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது, மாணவியுடையது அல்ல.’

அதன் பிறகு பேனா ஓடியது. முதல் நாள் பறிப்பில் இந்தத் தோட்டத்தில் காலடி வைத்தவர் எல்லாருக்கும் ஒரு கைப்பிடி மிளகு. வேலை செய்யாமல் அன்று வாங்கியவர்கள் இன்னார் இன்னார், வந்த காரியம் இது. பறித்தவர்களுக்குக் கூலி தனி, அதன் நோட்டு நகல் இத்துடன், அதில் மாணவியின் பேர் இல்லை. அவள் ஏணியில் ஏறியது காயை அளக்க, பறிக்க அல்ல. அளவு எழுதிய அவளுடைய குறிப்பேட்டின் அன்றைய பக்கமும் இத்துடன்.

பாப்பாயி கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல்.

“ஒத்துக்குவாங்களா, சார்?” என்றாள் நீமா.

பூபதி பேனாவை மூடினார். “தெரியாது கண்ணு. இத்தன நாள் எழுதுனதுல, ஒத்துக்குவாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதுவேன். இது அப்படி இல்ல. ஆனா இதுல எந்த வரியக் கேட்டாலும் இந்த மலையில நாலு பேரு ஆமாம்பாங்க.”

நீமா தலையசைத்தாள். தன் குறிப்பேட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் தானே பிரித்துக் கொடுத்தாள்.

மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கச் சுமித்ரா கூட வந்தாள். ராமாயி குழந்தையின் கட்டைவிரலில் மையைத் தடவி ஒற்றி, பக்கத்தில் தன் பேரையும் எழுதினாள். ராசப்பன், “ஆட்டக் கட்டுனதயும் எழுதுனியா?” என்று கேட்டு, எழுதியிருப்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் போட்டான். வாத்தியார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டார்.

“நான் கவர்ன்மென்ட் சம்பளம் வாங்கறவன், பூபதி. மிளகு வாங்கினேன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு லஞ்சம்னு எவனாச்சும் பெட்டிஷன் போடுவான். எம் பேர எடுத்துருங்க.”

பூபதிக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு கைப்பிடி மிளகு காகிதத்தில் ஏறினால் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்கு இப்போது தெரியும். வாத்தியார் பேரை ஒரே கோடாக அடித்து, அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது பாப்பாயி மூச்சிரைக்க வந்தாள். கையில் சின்னப் பொட்டலம்.

“இத உறைக்குள்ள வெய்யி. கம்பெனிக்காரனுக்கும் ஒரு கைப்பிடி.”

“ஐயோ அக்கா! அப்புறம் அவனும் நம்ம காட்டுல வேல செஞ்சான்னு ஆயிரும்.”

“ஆகட்டுமே. வந்து பறிக்கட்டும்” என்றாள் அவள். ஆனாலும் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டாள்.

பஸ் வந்தது. அருணாசலம் டிக்கெட் கிழித்துக்கொண்டே விசயத்தைக் கேட்டார். வண்டி ஆட்டத்தில் கையெழுத்து கோணும் என்று அடுத்த நிறுத்தத்தில் விசில் ஊதி நிறுத்தி, இஞ்சின் மூடியின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். “எதுக்கு நின்னுக்கிட்டிருக்குது?” என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

“ஒரு நிமிசம் பொறுங்க. புள்ளையோட காலு விசயம்” என்றார் அருணாசலம்.

செம்மேட்டு அஞ்சலகத்தில் கூட்டமில்லை. பூபதி தாள்களை எண்ணிப் பார்த்தார். ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி உறைக்குள் செருகினார். பசையைத் தடவி ஒட்டி, உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தித் தேய்த்தார். முகவரியை இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தார்.

“ரிஜிஸ்டர் தபால்ங்க. ஒப்புகை அட்டையோட.”

கவுண்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டாள். தபால்தலைகளை ஒட்டி, அவற்றின் மேல் முத்திரையை இரண்டு தரம் அடித்து, மூன்று மணிக்குக் கீழே இறங்கும் பையில் போட்டாள்.