தாட்சாயிணி மடலேறினாள்

சரணின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாக ஒத்துக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும் சரண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அப்பா மசியவே மாட்டேங்கிறாரு தாட்சு" என்பான். நாளை ஞாயிற்றுக்கிழமை, கொரட்டூரில் தாட்சாயிணியைப் பெண் பார்க்க யாரோ வருகிறார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு பதில் தெரிந்தாக வேண்டும்.

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கூரியர் ஆபீஸ் வேலை. போகவர ரயிலில் தபால்வழி எம்.ஏ. தமிழ். அந்தப் பாடத்தில்தான் மடலேறுவது வந்தது. பெண் வீட்டார் இழுத்தடித்தால், அந்தக் காலத்து ஆண்பிள்ளை பனை மட்டையில் குதிரை கட்டி, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, காதலியின் படத்தைக் கையில் பிடித்தபடி அவள் தெருவிலேயே ஊர்வலம் வருவானாம். மானம் போகிறதே என்று பெரியவர்கள் ஒரு முடிவு சொல்லிவிடுவார்களாம். பெண்கள் மடலேறும் வழக்கமில்லை என்று கீழே ஒரு வரி போட்டிருந்தது. அந்த ஒரு வரிதான் அவளைக் கிளப்பிவிட்டது.

நுங்கு வண்டிக்காரரிடம் நாலு பனை மட்டை வாங்கினாள். தண்டவாள ஓரத்தில் எருக்கம்பூ பறித்து மாலை கட்டினாள். சரணின் பாஸ்போர்ட் போட்டோவை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, கீழே அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். மட்டைகளை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி முன்னால் குதிரைத் தலை செய்தாள். கழுதைத் தலைதான் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சி.டி.எச். ரோடே வேடிக்கை பார்த்தது. ஆவடியில், சரணின் அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் வாசல் காவலாளி போட்டோவையும் மாலையையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அய்யோ, சின்ன வயசாச்சே. எப்பம்மா எட்க்கிறாங்க?"

"உசுரோடதான் கீறான் அண்ணாத்தே. நா போய் பேசிட்டு வந்து சொல்றேன்."

சரண் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தினாள். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தன. வாய்தான் பெரிசே தவிர, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சரணின் அப்பா வேலுசாமி கைலியோடு வெளியே வந்தார். திருநெல்வேலிக்காரர். பின்னாலேயே அவர் மனைவி சுசீலா, கையில் கரண்டியோடு.

"யாரும்மா நீ? எம்பையன் படத்த எதுக்கு வச்சிருக்க?"

"நாந்தான் தாட்சாயிணி. ரெண்டு வருசமா நீங்க வேணாம்னு சொல்லிகினு கீறீங்களே, அந்தப் பொண்ணு. எங்கிட்ட இன்னா கொறையக் கண்டீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

வேலுசாமி மனைவியைப் பார்த்தார். சுசீலா அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட யாருமே கேக்கலையேம்மா" என்றார் அவர்.

மாடி வராந்தாவில் காயப்போட்ட போர்வைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"பாவிப்பயலே!" சுசீலா கரண்டியை மேலே நீட்டினாள். "ஒன் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு நான் ஏறி எறங்காத கோயில் உண்டாடா? எறங்கி வா!"

சரண் இறங்கி வந்தான். "கேக்க பயமா இருந்திச்சு."

"அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு தெரியாதாலே ஒனக்கு?" என்றார் வேலுசாமி.

தாட்சாயிணிக்குச் சிரிப்பும் வந்தது, அவனை ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. இரண்டு வருஷம் இந்த நல்ல மனுஷனை அல்லவா அவள் ராத்திரி பகலாகத் திட்டித் தீர்த்திருக்கிறாள்!

"எங்களுக்குப் பூரண சம்மதம்மா. உள்ள வா, காப்பி குடி."

"காப்பி அப்பறம் மாமா." எருக்கமாலையைக் கழற்றிச் சரண் கழுத்தில் போட்டாள். வண்டிச் சாவியை அவன் கையில் திணித்தாள். "எங்கப்பா நெஜமாவே ஒத்துக்க மாட்டாரு. நா மூணு தபா கேட்டுட்டேன். இப்ப நீ வந்து கேளு."

சரண் முகம் வெளுத்துப்போய் குதிரைமேல் ஏறினான். "ஹெல்மெட்டையாவது குடு தாட்சு. தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துடுவாங்க."

"ஆமா, பாத்துடுவாங்க" என்று அவள் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.