இல்லாத முட்டிவலி

எனக்கு முட்டிவலி இருப்பது எனக்கே புதுச் செய்தி. விடுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் தம்பி மனைவிதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி ரூமிலேயே இருப்பாங்க, குழந்தைக்குப் பால் மட்டும் அனுப்பிடுங்க என்றாள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.

தையல் மிஷினை மிதித்து மிதித்தே தம்பியைப் படிக்க வைத்தவள் நான். என் முட்டிக்கு என்ன கேடு?

இந்த ஊரை முதலில் பார்த்தது ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில். அரைப் பக்கத்துக்குக் கோட்டை மதிலும் கோபுரமும். அன்றிலிருந்து வீட்டில் யார் வெளியூர் என்று வாயெடுத்தாலும் இந்த ஊர்ப் பேச்சைத்தான் இழுப்பேன். அக்கா ஆரம்பிச்சுட்டா என்று தம்பி காதைப் பொத்திக்கொள்வான். போன மாதம் அவனே வந்து, கிளம்பு அக்கா, உன் ஊருக்குப் போறோம் என்றான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அப்பேர்ப்பட்ட ஊரில் எனக்கு முதலில் வாய்த்த காட்சி, அறை ஜன்னலுக்கு எதிரே ஒரு மொட்டைச் சுவர். ஏசி பெட்டிகள் அதில் வடிந்துகொண்டிருந்தன. தம்பியும் அவளும் தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நல்லா ரெஸ்ட் எடு அக்கா, சாயங்காலம் போட்டோ காட்டுறேன் என்றான். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நேராகக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்? இந்த ஊரைக் காட்டி ஏய்த்ததுதான் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தை பாலைக் குடித்து ஏப்பம் விட்டதும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். வரவேற்புப் பெண் என் முட்டியையே பார்த்தாள். கோட்டைக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டேன்.

தெருவில் டீசல் புகை, சாக்கடை நாற்றம், தலையில் இடிக்கிற மாதிரி ஒயர்கள். புத்தகத்தில் இதெல்லாம் போடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு பூட்டு ரிப்பேர் கடையைத் தாண்டித் திரும்பினால், அம்மாடி, மதில்! படத்தில் சாம்பலாக இருந்த கல் நேரில் தேன் நிறம். தொட்டேன், சுட்டது. குழந்தையும் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. அழவில்லை, கோபம் மிச்சமிருந்தது.

கோபுர வாசல் வரிசையில் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. இந்த வெயிலில் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அறிவிருக்கா என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். நான் குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் விரலிடுக்கிலிருந்த நுழைவுச்சீட்டில் ஒன்றை உருவிக்கொண்டேன்.

"அக்கா, அப்ப இவளை யாரு பாத்துக்கிறது?"

"பெத்தவங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க."

உள்ளே சுற்றுப்படி, இருட்டு, வௌவால் வாடை. எனக்கு முன்னால் போன இளவட்டங்கள் மூச்சு வாங்கி ஓரமாக நின்றார்கள். நான் ஒரே மூச்சில் ஏறினேன். உச்சியில் காற்று புடவையைப் பிய்த்தது. கீழே ஊர் முழுவதும் கிடந்தது. ஓட்டுக் கூரைகள், உடைந்த மதில், துணி காயும் மாடிகள், வளைந்து போகும் ஆறு. ஆறு படத்தில் இல்லவே இல்லை. யாருமே எனக்குச் சொல்லவில்லை.

போன் அடித்தது. குழந்தை அழுறா, எப்ப இறங்கி வருவே என்று தம்பி கேட்டான். எட்டிப் பார்த்தேன். அவன் தோளில் உட்கார்ந்து அவன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா வந்துக்கிட்டே இருந்தேன்டா. இப்பத்தான் வந்து சேந்திருக்கேன். நீ இரு."