சேற்றில் மரக்கை

...இந்த மழை கொஞ்சம் பொறுத்து வந்திருக்கக்கூடாதா, நனைந்தால் தோல் வார் உப்பிப்போகும், தோள்பட்டைப் புண்ணை அறுக்கும்... தனலெட்சுமி மரக்கையின் கொக்கியை மரவள்ளித் தண்டில் மாட்டி இழுத்தாள், கிழங்கு வரவில்லை, கால்தான் வழுக்கியது. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் இதே கை எப்படி வேலை செய்தது! ரப்பர் உருளையில் சிக்கி வலது கை முழங்கைக்குக் கீழே போன பிறகு துரை சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது, சிமெண்டுத் தரையில் நின்று ஈர ஷீட்டுகளைக் கொக்கியால் தூக்கித் தூக்கிக் கம்பில் போடுவாள், இரண்டு கை உள்ளவளுக்குக்கூட இந்த வேகம் வராது என்று கங்காணியே சொன்னார். ஜப்பான்காரன் வந்தான், ஸ்டோரைப் பூட்டினார்கள், கூலாய்த் தோட்டத்துச் சரிவெல்லாம் இப்போது மரவள்ளி... சேற்றுக்கும் வேர்வைக்கும் செய்த கையா இது? பூசுவதற்கு எண்ணெய் கிடையாது, துடைக்கத் துடைக்க வாரில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். கழற்றிப் போட்டுவிட்டால் எதால் இழுப்பது, எதைத் தின்பது?

அர்ச்சுனன் மேட்டில் குந்தியிருக்கிறான், இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரன், அவள் புருஷன் வேலுவோடு ஒரே லாரியில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன், காலையில் வாசலில் நின்றபோது எலும்பும் தோலுமாய் யாரோ என்று நினைத்தாள். "அண்ணி... அண்ணன் இல்ல. வாந்திபேதி, ரெண்டே நாளு." அவள் அழவில்லை. ஏன் அழவில்லை? கிழங்கு பிடுங்கணும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள், அவனும் பின்னாலேயே வந்தான்.

"உங்களப் பத்தியேதான் பேசுவாரு அண்ணி. லாரி கெளம்பியும் எம்பொண்டாட்டி என்னய விடல, சிப்பாய் அடிச்சும் விடலன்னு... எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

"அப்படியா சொன்னாரு?"

"கடைசி நாளும் அதத்தான் சொன்னாரு."

விடவில்லையா... அன்றைக்கும் மழை, ரோடெல்லாம் சேறு, இடது கையில் அவருடைய துணி மூட்டை, விழாமல் இருக்கத்தான் கொக்கியை லாரியின் பின்பக்கச் சங்கிலியில் மாட்டினாள், அதற்குள் லாரி நகர்ந்துவிட்டது, கொக்கி வரவில்லை, கூடவே ஓடினாள், அவர் குனிந்து மரக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "விடு தனம், விடும்மா" என்று அழுதார், அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்று மரத்துக்கு என்ன தெரியும், சக்கரத்துக்குள் போய்விடுவோமோ என்ற பயம் ஒன்றுதான் அவளுக்கு, சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்தபோது கொக்கி விடுபட்டது, அப்பாடா என்றுகூட இருந்தது... அதைப் போய் அவர் இப்படியா நினைத்தார்? இவனிடம் சொல்லிவிடலாமா? அத்தனை தூரம் இந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறானே.

"ஆமா தம்பி," என்றாள், "விடல."

அவன் தலையாட்டினான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் மறுபடி தண்டைப் பிடித்தாள், இடது கையால்... மூட்டைதான் முதலிலேயே சேற்றில் விழுந்துவிட்டதே, அப்புறம் இந்தக் கை சும்மாதானே இருந்தது, ரத்தமும் சதையுமான கை, அவர் அவ்வளவு கிட்டத்தில் குனிந்திருந்தார், முகத்தைத் தொட்டிருக்கலாம்... இல்லை, சும்மா இல்லை, கொக்கி கழலட்டும் என்று லாரிப் பலகையை அல்லவா தள்ளிக்கொண்டிருந்தது.