மூன்று ரோல்ஸ், ஒரு வாக்கு

எங்கள் கல்லூரியில் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு உள்ளரங்கு கிடைப்பது கிழமைக்கு ஒரே ஒரு நாள், அதுவும் காலை ஆறு மணிக்கு. அப்படி முடிவு செய்தது விளையாட்டுச் சபை. அந்தச் சபையில் விளையாடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை!

எங்கள் அணித் தலைவி ரிஸ்மியா தேர்தல் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஐந்நூறு மாணவர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு வைத்தே ஆகவேண்டும். கையெழுத்துச் சேர்த்து வைக்க வைத்தோம். சபையின் பாதி ஆசனங்களுக்கு வீரர்களே ஆள் தெரிவு செய்ய வேண்டுமா? ஆமா, இல்லையா என்பது கேள்வி. எந்தப் பக்கம் போட்டாலும் சரி, மொத்தம் தொள்ளாயிரம் பேர் வாக்களிக்காவிட்டால் முடிவு செல்லாது. பிறகு மூன்று வருடத்துக்கு அந்தக் கேள்வியை எழுப்ப முடியாது. ரிஸ்மியாவுக்கு இது கடைசி வருடம்.

வாக்கெடுப்பு நாளன்று மதியம் இரண்டு மணிக்கு அறுநூறு வாக்குகள்தான். அந்த நேரம் பார்த்து ரிஸ்மியாவின் உம்மா ரஹ்மத்தும்மா, வோபர்னில் இருக்கிற வீட்டிலிருந்து இரண்டு பெரிய தட்டு நிறைய மீன் ரோல்ஸோடு வாக்களிக்கும் இடத்துக்கு வந்து இறங்கினார். குழாய் திருத்த வந்தவனைக்கூடச் சாப்பிட வைக்காமல் அனுப்பாத மனுஷி.

"அட்சயா, இவ்வளவு பிள்ளையளும் பசியோட நிக்குதுகள். பாத்துக்கொண்டு நிக்க ஏலுமா?"

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, இரண்டு சாப்பிட்டேன். மணம் பரவ, வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நாலு மணிக்கு வாக்குப் பெட்டி மூடப்பட்ட கையோடு பிரசாந் புகார் கொடுத்தான். 'இல்லை' பக்கத்துக்கு ஆள் சேர்த்த கூடைப்பந்துக்காரன் அவன்; உள்ளரங்கு மற்ற நாளெல்லாம் அவர்கள் அணிக்குத்தான். சாப்பாடு கொடுத்து வாக்கு வாங்கினார்களாம், எல்லாவற்றையும் ரத்துச் செய்ய வேண்டுமாம்.

தேர்தல் அதிகாரி மெலனியும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். எங்களையும் பிரசாந்தையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். விஷயம் விளங்கியதும் உம்மா ரிஸ்மியாவின் பக்கம் திரும்பினார்.

"என்ட பிள்ளைட தலையில நானே மண் அள்ளிப் போட்டுட்டனா?"

ரிஸ்மியா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒரு பக்கத்துக்கு வோட் போடச் சொல்லிக் குடுத்தாத்தான் பிழை. உம்மா, நீங்க ஆருக்குக் குடுத்தீங்க?"

"ஆள் பாத்தா சாப்பாடு குடுக்கிறது? இந்தத் தம்பிக்கும் குடுத்தன். மூண்டு சாப்பிட்டவர். நாலாவது கேக்கேக்க முடிஞ்சு போச்சு."

மெலனி திரும்பினாள். "உண்மையா பிரசாந்?"

அவன் காது சிவந்தது. "சாப்பிட்டனான்தான். பட், நான் நோ எண்டுதான் போட்டனான்!"

"அப்ப ரோல்ஸ் உம்மட வோட்டை வாங்கேல்லைத்தானே," என்றாள் மெலனி. புகாரைத் தள்ளிவிட்டு, வாக்குகளை எண்ணச் சொன்னாள்.

ஆமா, ஐந்நூற்று அறுபத்தொன்று. இல்லை, முந்நூற்று நாற்பத்திரண்டு. மொத்தம் தொள்ளாயிரத்து மூன்று, தேவைக்கு மூன்றே மூன்று கூட! நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போயிற்று. ரிஸ்மியா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே பிரசாந்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"உங்கட டீமில எத்தினை பேர் வந்து நோ போட்டனீங்கள்?"

"பன்ரெண்டு பேர். ஏன்?"

"தேங்க்ஸ். நீங்கள் வீட்டில படுத்திருந்தா நாங்கள் தோத்திருப்பம்."