நேற்று வந்தவன்

விடியுமுன்பே சலவை ஆலையின் முற்றத்தில் லாரி வந்து நின்றுவிடும். ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணி மூட்டைகள். அவிழ்த்ததும் ரத்தமும் மருந்தும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பிரித்துக் கொதிநீர்த் தொட்டியில் தள்ளுவது பெரியக்காவின் வேலை. அவள் மாமனாரும் அதே முற்றத்தில் மூட்டை சுமந்தவர். கப்பலில் வந்த குடும்பம் என்ற பேச்சையே அவள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆலையின் பின்புறத் தகரக் கொட்டகைகளில் இருந்தவர்கள் வேறு கடல் தாண்டி, வேறு மொழி பேசிக்கொண்டு அண்மையில் வந்தவர்கள். அவர்களில் ஒருவனை, கொதிகலனைக் கவனித்துக்கொண்டிருந்தவனை, பெரியக்காவின் மகள் கட்டிக்கொண்டாள்.

"நேத்து வந்தவனோட போறவ எனக்கு மகளே இல்ல" என்று அன்றே கதவைச் சாத்திவிட்டாள் பெரியக்கா.

முற்றத்தில் எதிர்ப்பட்டால் அவன், தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு, "அம்மா, சாப்டாச்சா?" என்று கேட்பான். அவள் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

நீராவிக் குழாய் ஒழுகுவதாக அவன் முதலாளியிடம் சொன்னபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். "சாக்க சுத்திட்டு ஓட்டுடா" என்றார் முதலாளி. அந்த வாரமே குழாய் வெடித்தது. வெந்துபோன அவனை, ஆலையில் துவைத்து மடித்த விரிப்பிலேயே சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் பிணமாகத்தான் திரும்பி வந்தான். புதைக்கும் இடத்தில் பெரியக்கா ஒதுங்கி நின்றாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"விசாரிக்க ஆளுங்க வருவாங்க. தூக்கக் கலக்கத்துல அவனே எதையோ திருகிட்டான்னு சொல்லிடு. பின்னாடி கொட்டகைய காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"அவங்க எங்கங்க போவாங்க?"

"வந்த எடத்துக்கு. உனக்கென்ன? நீ நம்ம ஆளு."

"குழாய் ஒழுகுதுன்னு அவன் சொன்னது என் காதுல விழுந்துச்சுங்க."

முதலாளியின் முகம் மாறியது. "உன் மாமனாரும் கப்பல்ல வந்து எறங்குனவன்தான். உன்னையும் அந்தக் கூட்டத்தோட அனுப்ப எவ்ளோ நேரமாகும்?"

"அனுப்புங்க. செத்தது என் மருமகன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் உயிரோடிருந்தவரை அவள் வாயில் வராத வார்த்தை.

நேரே இஸ்திரிக் கூடத்துக்குப் போய், இஸ்திரிக்காரரிடமும் துணி மடிக்கும் மேசையில் நின்ற பெண்களிடமும் நடந்ததைச் சொன்னாள். இஸ்திரிக்காரர் தலை நிமிரவில்லை. "நமக்கெதுக்கு வம்பு? அவனுங்க வந்துதான் நம்ம கூலியே எறங்குச்சு."

"எறக்குனது அவங்களா, முதலாளியா? நானும் உன்ன மாதிரியே பேசிட்டுக் கெடந்தேன். இப்ப என் மக வெறும் மண்ணுல நிக்கிறா. நாளைக்கு வேற குழாய் வெடிக்கும். அங்க யார் நிப்பாங்கன்னு பாத்தா வெடிக்கும்?"

அவள் மட்டும் பின்புறம் நடந்தாள்.

முதலாளியின் ஆட்கள் பானைகளையும் பாய்களையும் சேற்றில் வீசிக்கொண்டிருந்தார்கள். மகளின் இரும்புக் கட்டில் கவிழ்ந்து கிடந்தது. பெரியக்கா அதை நிமிர்த்தினாள்.

"தொடாத" என்றாள் மகள். "அவரு இருந்தப்ப ஒரு வாய்த் தண்ணி குடுத்தியா?"

பெரியக்கா குனிந்து, கட்டிலைக் கொட்டகை நோக்கி இழுத்தாள். கட்டிலின் கால்கள் சேற்றில் புதைந்து நகர மறுத்தன. தடுக்க வந்த ஆள் பின்னால் பார்த்துவிட்டு நின்றான். மடிப்பு மேசைப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கை துடைத்தபடி இஸ்திரிக்காரர். கொட்டகைப் பெண்ணொருத்தி தன் மொழியில் ஏதோ சொல்லித் தன் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். புரியாவிட்டாலும் மடிப்பு மேசைக்காரி ஒருத்தி அவளுடைய பாயைச் சுருட்டித் தூக்கினாள்.

முற்றத்தில் லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. இறக்க ஆளில்லை. முதலாளி போலீசுக்குப் போன் போடுவதாகக் கத்தினார். போட்டும் இருப்பார்.

மகள் வந்து கட்டிலின் மறுபக்கத்தைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மெதுவா" என்றாள். "கீழ படி இருக்கு."