கைக்கு ஏற்ற முகம்

“அம்மா, மாதாவுக்கு மூஞ்சி வெள்ளையா இருக்கு, கை மட்டும் ஏன் கறுப்பு?”

போன பெரிய வெள்ளிக்கிழமை, சூரியநெல்லிக் கோயில் மைதானத்தில் பாடுகளின் நாடகம் நடந்தபோது, முன்வரிசையில் இருந்த நாலு வயது ஜிபி இப்படிக் கேட்டான். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் கிடத்தியிருந்த நேரம். முதலில் ஒரு மூலை சிரித்தது. பிறகு மைதானமே சிரித்தது.

மாதாவாக நடித்தவள் கொழுந்து பறிக்கும் கத்தரீனாள். விரல்களில் தேயிலைக் கறை ஏறிப்போனவள். அவள் முகத்துக்கு வெள்ளை பூசியது, சின்னக்கானலில் அப்போதுதான் பார்லர் திறந்திருந்த இன்பமேரி. அவள் ஒப்பனை செய்யும் மணப்பெண்கள் கோயிலுக்குக் கையுறை போட்டுத்தான் போவார்கள். அதனால் கையைக் கவனிக்கும் பழக்கமே இன்பமேரிக்கு இல்லை. கமிட்டிச் செயலாளர் சூசையப்பன் அதட்டியபோது, அரிப்பெடுத்ததால் கைப்பூச்சைத் தானே கழுவிவிட்டதாகக் கத்தரீனாள் சொல்லிவிட்டாள். புதுப் பார்லருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று நினைத்திருப்பாள். இன்பமேரி பக்கத்திலேயே நின்றாள். வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எஸ்டேட்டில் கத்தரீனாளுக்கு ‘ரெண்டு கலர் மாதா’ என்று பெயர்.

இந்த வருடம் அவள் வருவாளா? தன் மகனுக்குக் காமாலை தெளிந்தபோது மூன்று வருடம் மாதா வேடம் கட்டுவதாக நேர்ந்திருந்தாள். இது மூன்றாவது வருடம். வராவிட்டால் நேர்ச்சை முறிந்துபோகும்.

நாடக நாளும் வந்தது. ஒப்பனை அறையில் இன்பமேரி பெட்டியைத் திறந்தாள், மூடினாள். பேதுரு வேடக்காரரின் தாடியை இரண்டு முறை கோணலாக ஒட்டிப் பிய்த்தாள். வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். ஆண்டவர் மன்னித்திருப்பார். கத்தரீனாளும் மன்னித்துவிட்டாள். அதுதான் அவளை உட்காரவிடவில்லை.

மேசைமேல் சூசையப்பன் வாங்கிவைத்த பெரிய வெள்ளை டப்பா இருந்தது. முழங்கைவரை பூச வேண்டும் என்பது அவர் கட்டளை.

நாடகம் மூன்று மணிக்கு. இரண்டே காலுக்குக் கத்தரீனாள் வந்தாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன.

“நேர்ச்சைக்காகத்தான் வந்தேன், மேரி. ஒரு விரல்கூடத் தெரியாம வெள்ளையடிச்சிரு.”

டப்பாவைத் திறந்து புறங்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்தாள் இன்பமேரி. விரல் வெடிப்புகளில் இருந்த கறை வெள்ளைக்கு மேலே சாம்பலாகத் தெரிந்தது. செத்தவள் கை போல இருந்தது. துடைத்தாள், மறுபடி பூசினாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு டப்பாவை மூடித் தள்ளிவைத்தாள். பழுப்பு கிரீம்கள் மூன்றை உள்ளங்கையில் குழைத்துக் கத்தரீனாளின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிறம் ஒத்துவந்தது.

“என்னடி பண்ணுத? இந்த வருசமும் சிரிக்கணுமா?”

“கைக்கு ஏத்த மாதிரி முகத்தப் பூசப்போறேன்க்கா.”

“மாதா செலை வெள்ளையால்ல இருக்கு?”

“செலை கொழுந்து பறிக்கலையேக்கா.”

கத்தரீனாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசையக் கூடாது என்று இன்பமேரி தாடையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரிசைக்கும் தெரியும்படி கண்ணுக்குக் கீழே களைப்புக் கோடுகளை இழுத்தாள். உதட்டுச் சாயத்தை விட்டுவிட்டாள்.

மடியில் கிடத்தும் காட்சி வந்தபோது இன்பமேரி திரைக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கறுத்த விரல்கள் மகனின் நெற்றி முடியை ஒதுக்கின. மைதானம் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

நாடகம் முடிந்து கத்தரீனாள் குழாயடிக்குப் போயிருந்தாள். சூசையப்பன் அறைக்குள் வந்தார். கிட்டத்தட்ட முழுசாக இருந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெள்ளை வேண்டாமென்று கத்தரீனாள்தான் அடம் பிடித்தாளா என்று கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

“அக்கா வெள்ளதான் கேட்டுச்சு, அண்ணே. மாத்துனது நான். போன வருசம் அக்கா கையக் கழுவவும் இல்ல. நான் பூசவே இல்ல. மறந்துட்டேன்.”

அவர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அடுத்த வருடம் மூணாறிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

“சரிண்ணே,” என்றாள்.

அவர் போனபின் கத்தரீனாள் நீர் சொட்டும் முகத்துடன் வந்து, செயலாளர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“டப்பாவப் பத்திக் கேட்டாரு. உக்காருக்கா, காதுக்குப் பின்னால இன்னும் பூச்சு இருக்கு.”

இன்பமேரி பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்தாள்.