எட்டு டம்ளர் தண்ணீர்

ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக நாத்தனாருக்கு நீர்க்கடுப்பு வந்தபோது, நர்ஸ் அவளை அடிக்காத குறையாகத் திட்டித் தீர்த்தாள். சுகாதார நிலையத்தில் பதினொரு வருட வேலை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் வீட்டிலேயே இப்படி ஒருத்தி.

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணி குடி, அடக்கி வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல பஞ்சா வெச்சிருக்கே?"

"குடிக்கிறேன் அண்ணி" என்றாள் நாத்தனார். நர்ஸின் கணவனுக்கு அவள் கடைசித் தங்கை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பட்டன் பிரிவில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடுவாள். "எக்ஸ்பிரஸ் வருது, வழி விடுங்க" என்று அண்ணன் கேலி செய்வான். நர்ஸும் சேர்ந்து சிரிப்பாள்.

அடுத்த வாரமே ஒரு மத்தியானம் அவளைத் தொழிற்சாலையிலிருந்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குளிர்காய்ச்சலில் பல் தந்தியடித்தது. முதுகில் கை வைக்க விடவில்லை. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, ஒரு வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த வாரம் அதே தொழிற்சாலைக்குச் சுகாதாரப் பேச்சுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. நர்ஸ் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இந்தப் பெண்களுக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் அவள் மனம் ஆறாது.

தையல் கூடத்தில் இயந்திரங்களை இருபது நிமிடம் நிறுத்தியிருந்தார்கள். நாற்பது பெண்கள், அவரவர் ஸ்டூலில். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர் நின்றார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'கடிகாரம்'. நர்ஸ் 'குடும்ப நலம் உங்கள் கையில்' என்ற துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுப் பேசினாள்.

"நம்ம உடம்பை நாமதான் பாத்துக்கணும். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும். எந்திரிச்சுப் போக சோம்பேறித்தனப்பட்டு அடக்கி வெச்சா, கிட்னி வரைக்கும் போயிடும். வீட்ல பிள்ளைங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சட்டைக்குக் காலர் வைக்கிற ஐம்பது வயதுக்காரி எழுந்தாள். எல்லோருக்கும் அவள் 'காலரக்கா'.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? எட்டு டம்ளர் உள்ள போனா வெளிய வர வேண்டாமா? அந்த அட்டையை எனக்கு அத்தனை தடவை யார் தருவா?"

"எந்த அட்டை?"

காலரக்கா கதவுப் பக்கம் கை காட்டினாள். ஆணியில் சிவப்பு பிளாஸ்டிக் அட்டை ஒன்று கயிற்றில் தொங்கியது. நாற்பது பேருக்கும் அது ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஏழு நிமிடம். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஆளுக்கு இரண்டே தடவை. மூன்றாவது தடவை கேட்டால் பெயரை மைக்கில் படிப்பார்கள்.

"அதனால நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. நாக்கை நனைச்சுக்கிறதோட சரி. நீங்க பட்டன் பொண்ணோட அண்ணிதானே? அன்னிக்குக் காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே அட்டை கேட்டா. ரெண்டு தடவை ஆயிடுச்சு, உக்காருன்னுட்டாரு இவரு."

நர்ஸுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. செருப்போடு ஓடிய பெண்ணைப் பார்த்துச் சிரித்தோமே என்று தன்மீதே வந்த கோபம், அந்த அட்டையைப் பார்த்ததும் திசை திரும்பியது.

"மேடம், நேரமாச்சு" என்றார் கடிகாரம். "இதெல்லாம் கம்பெனி விஷயம். நீங்க கை கழுவுறதைப் பத்திப் பேசுங்க."

"கை கழுவுறதா? இத்தனை பேரையும் நீங்கதான் ஏற்கெனவே கை கழுவிட்டீங்களே!"

கூடமே சிரித்தது.

காலரக்கா யாரையும் கேட்கவில்லை. கூடத்தின் மறுகோடியில் இருந்த தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று.

"வேலை போயிடும்க்கா" என்று ஒருத்தி பதறினாள்.

"நாப்பது பேரையும் ஒரே நாள்ல அனுப்பிட்டு, இவரே உக்காந்து தைப்பாரா? குடிடி."

டம்ளர் கை மாறியது. பிறகு காலரக்கா அட்டையைத் தொடாமலே கதவைத் தாண்டிப் போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒரு வரிசையே போனது. கடிகாரம் விசில் ஊதினார். யாரும் திரும்பவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததற்கான படிவத்தை நர்ஸிடம் நீட்டினார். 'அறிவுரை வழங்கப்பட்டது, குறை ஏதும் இல்லை' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. நர்ஸ் இரண்டாம் பாதியை அடித்துவிட்டு எழுதினாள்: 'இங்கே நோய்க்குக் காரணம் அறியாமை அல்ல, அனுமதி மறுப்பு. அறிவுரை தேவைப்படுவது நிர்வாகத்துக்கு.'

"இது உங்க வேலை இல்லையே சிஸ்டர்."

"இதுதான் சார் என் வேலை. இத்தனை நாளா தப்பான ஆளுங்ககிட்ட செஞ்சுக்கிட்டிருந்தேன்."

அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனாள். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. வேலை போயிடும்னு பயந்தேன் அண்ணி."

"சண்டைக்குப் போயிட்டுத்தான் வர்றேன்" என்றாள் நர்ஸ். "உன்னைப் போய்த் திட்டினேனே."

எல்லை மீறிப் பேசியதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரியிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து நீர்க்கடுப்போடு சுகாதார நிலையத்துக்கு வந்தவர்கள் ஆறு மாதத்தில் பத்தொன்பது பேர் என்று பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு தொழிலாளர் துறைக்குப் போய், அதிகாரி ஒருவர் தொழிற்சாலைக்கு வந்தார். அட்டை போனது, தண்ணீர் கேன் கூடத்தின் நடுவுக்கு வந்தது. காலரக்காவை மட்டும் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் பேக்கிங் வேலைக்கு மாற்றினார்கள். கடிகாரத்தை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் வேலைக்குக் கிளம்பினாள்.

"வேற இடம் பாக்கலாமே?" என்றாள் நர்ஸ்.

"காலரக்காவுக்கு ஒரு ஸ்டூலாவது போடச் சொல்லிக் கேக்கணும் அண்ணி. பேக்கிங்ல பதினாறு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் உக்கார இடமில்ல. நாங்க எல்லாரும் சேர்ந்துதான் கேக்கப் போறோம்."